கிளட்ச் கால்

சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஆஸ்பத்திரி ஊழியரிடம், "வளைவுல ஹாரன் அடிக்க மாட்டியா?" என்று கேட்டவர் அவர். இடது கையும் இடது காலும் விழுந்து, வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறிக்கொண்டிருந்த முதல் வாரம் அது. "எங்களுக்கெல்லாம் அழுகையா வருது. இவரு என்னடான்னா அந்த ஆளுக்கு ரூட்டு சொல்லிக்கினு வராரு" என்று அவர் மனைவி பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாதோ என்று பார்த்தால், அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் அவர் ஷிஃப்ட் பஸ் டிரைவர். சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிற கம்பெனி பஸ். பெயர் இருந்தது, ஞானஸ்நானப் பெயர் வேறு, வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. ஆனால் பிளாக் முழுக்க அவரை டிரைவர் என்றுதான் சொன்னார்கள். நான் டிரைவர் அங்கிள் என்றேன். "அங்கிளாம் அங்கிள், இங்கிலீஷ்காரன் பெத்த மாதிரி" என்பார். ஆனாலும் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அந்த மனிதர் தன் வாழ்நாளில் இன்னொருவர் ஓட்டும் வண்டியில் நிம்மதியாக உட்கார்ந்ததே இல்லை. ஆட்டோவில் ஏறினால் பின் சீட்டு காலியாகக் கிடக்கும், இவர் முன்னால் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு பாதி வெளியே தொங்குவார். குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கு வேன் பிடித்துப் போனால், சிதம்பரம் தாண்டுவதற்குள் வேன்காரர் சாவியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்த் தூங்கிவிடுவாராம். கடலூரில் ஒரு ஜவுளிக்கடை லிஃப்டில் ஏறியவர், கதவு மூடியதும் "யாரு ஓட்டறது இத?" என்று கேட்டிருக்கிறார். யாரும் ஓட்டவில்லை, தானாகப் போகும் என்று சொன்னார்கள். அடுத்த மாடியிலேயே இறங்கிப் படிக்கட்டில் ஏறி வந்தார்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் டான்ஸ் ஆட வைக்கப் பார்த்தேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. சிதம்பரத்தில் பிசியோதெரபி முடித்துவிட்டு அப்பாவின் குவார்ட்டர்ஸில் இருந்தேன். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் இன்டர்நெட் கொட்டிக் கிடந்த வருஷம் அது. வெளிநாட்டில் எங்கோ, பக்கவாதம் வந்தவர்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து ஆடி நடை பழகும் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அப்பா, அம்மா, பக்கத்துக் குவார்ட்டர்ஸ், எதிர்க் குவார்ட்டர்ஸ் எல்லோருக்கும் அதைப் போட்டுக் காட்டி முடித்துவிட்டேன்.

விஷயம் ரொம்ப எளிமையானது. உடம்பில் ஒரு பக்கம் பலவீனமானவர்கள் நல்ல காலிலேயே நின்று பழகிவிடுகிறார்கள். மற்றக் கால் விருந்தாளி மாதிரி சும்மா கூட வரும். அதன் மேல் எடையை வையுங்கள் என்றால் வைக்க மாட்டார்கள். பயம். ஆனால் பாட்டுப் போட்டுவிட்டால் பயப்பட நேரம் கிடைக்காது. தாளம் வந்துவிடும், கால் போய்த்தான் ஆக வேண்டும். ஒரு கை பிடித்துக்கொள்ள எதிரே ஆள் இருந்தால் இன்னும் நல்லது. அவர் நகர நகர நம் உடம்பும் சாய்ந்து சாய்ந்து நிமிரும். சமநிலை என்பது அசையாமல் நிற்பது இல்லை, சாய்ந்தால் திரும்பி வரத் தெரிவதுதான். இதை எங்கள் பிளாக் சமுதாயக் கூடத்தின் செயலாளரிடம் மூச்சு விடாமல் சொன்னேன்.

"நல்லா இருக்கறவங்களே ஆடினா வுழறாங்கம்மா" என்றார் அவர். ஆனாலும் சாவி கொடுத்தார். சாயந்தரம் ஒரு மணி நேரம். சத்தம் அதிகம் வைக்கக் கூடாது. பக்கவாதம் வந்த ஏழெட்டுப் பேரைத் தேடிப் பிடித்தேன்.

முதல் நாள் டிரைவர் அங்கிள் நாலு முனைக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மனைவி பின்னால் வர, வந்தார். சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றில் உட்காரவில்லை. மனைவியை விட்டு ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லி, கூடத்தின் முன்பக்கம் வலது மூலையில் போடவைத்து, எங்கள் எல்லோரையும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தார். பஸ்ஸில் டிரைவர் சீட்டு எங்கே இருக்குமோ அங்கே.

"நான் ஆட வரல" என்று அறிவித்தார். "கல்யாண வூட்டுப் பசங்க ஆடறது அது. எனக்கு இந்தக் காலு வேணும். இது கிளட்ச் காலு. இத மட்டும் ரிப்பேர் பண்ணிக் குடு, நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"ரிப்பேர்னா வண்டி இங்க நிக்கணும் அங்கிள். தினம் வரணும்."

"வண்டிய வுட்டுட்டு டீ குடிக்கப் போறவன் இல்ல நானு. பக்கத்துலயே நின்னு பாப்பேன், எந்த நட்ட கழட்டற, எந்த நட்ட மாட்டறன்னு."

பார்த்தார். ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். மற்றவர்கள் இடது வலதாக எடை மாற்றும்போது, உட்கார்ந்த இடத்திலேயே அவருடைய இடது பாதம் தரையை அழுத்தி அழுத்தி விடுவதைக் கவனித்தேன். இல்லாத கிளட்சை மிதிக்கிறார். பாட்டின் தாளத்துக்கு மிதிக்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்.

அடுத்த வாரம் அவரே எழுந்து நின்றார். அவருக்கு ஜோடியாக விமலா டீச்சரைப் போட்டேன். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அவருக்கு வலது பக்கம் பலவீனம். இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே அளவு பிடிவாதம், பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றை மறந்துவிட்டேன். இருவரும் எதிரெதிரே கைகோத்து நின்றால் இவருடைய இடது கை டீச்சரின் வலது கையில் இருக்கும். பலவீனமும் பலவீனமும் ஒரே பக்கம். இரண்டு பேரும் நல்ல காலைத் தேடி ஒரே திசையில் ஒதுங்கினார்கள். பாட்டுத் தொடங்கும்போது கூடத்தின் நடுவில் இருந்த ஜோடி, சரணம் வருவதற்குள் சுவர்ப் பக்கம் போய்விட்டது. நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். மறுபடியும் சுவர்.

"அலைன்மென்ட் போயிடுச்சு" என்றார் டிரைவர்.

"யாரோடது?" என்றார் டீச்சர்.

"உங்களுதுதான் டீச்சர். ஒரு பக்கமா இழுக்குது."

"நீங்க இழுக்காம இருந்தா நான் ஏன் சார் வரப்போறேன்? நாப்பது பிள்ளைங்கள ஒரே வகுப்புல வெச்சுப் பார்த்தவ நான். என்னைய நீங்க ஓட்டாதீங்க."

"அப்ப யாரு ஓட்டறது? ஒரு வண்டிக்கு ரெண்டு ஸ்டீரிங்கா?"

அவர் சொன்னது நியாயமான கேள்வி. ஜோடி ஆட்டத்தில் ஒருவர் நடத்த வேண்டும், மற்றவர் பின்தொடர வேண்டும். மாறி மாறி. பின்தொடர்வதில்தான் மருந்தே இருக்கிறது என்று நான் இழுத்து இழுத்து விளக்கினேன். அடுத்தவர் எந்தப் பக்கம் நகர்த்துவார் என்று தெரியாமல், நகர்த்தியவுடன் கால் தானாக எடையை வாங்கிக்கொள்ளப் பழகும்.

"சரி, இன்னிக்கி நான் ஓட்டறேன். நாளைக்கி நான் ஓட்டறேன். அதுக்கப்புறம் டீச்சர் ஓட்டட்டும்" என்றார். அந்த 'அதுக்கப்புறம்' வரவே இல்லை.

பின்னால் அடி வைக்கிற பயிற்சி வந்தபோது புதுத் தகராறு. எல்லோரும் ஓரடி பின்னால் வைத்தார்கள். இவர் சிலையாக நின்றார்.

"பின்னாடி பாக்க ஆளில்லாம நான் ரிவர்ஸ் எடுத்ததில்ல" என்றார்.

"அங்கிள், நீங்க பஸ் இல்ல."

"ஒடம்புன்னாலும் பஸ்ஸுன்னாலும் பின்னாடி கண்ணு கெடையாது. ஆள நிறுத்து."

நானே அவருக்குப் பின்னால் போய் நின்று, "வாங்க, வாங்க" என்றேன். திருப்தியில்லை. "தட்டணும். சத்தம் வந்தாத்தான் எடம் இருக்குதுன்னு அர்த்தம்" என்றார். ஒரு இரும்பு நாற்காலியைக் கையால் தட்டினேன். "வரட்டும், வரட்டும்…" டப் டப். இடது கால் தயங்கிப் பின்னால் போனது. "வரட்டும், வரட்டும், லெஃப்ட் ஒடிச்சு வரட்டும்…" எடை ஏறியது. முழங்கால் நடுங்கியது, ஆனால் மடங்கவில்லை. "ஹோல்டேய்!" என்று நான் கத்திய கத்தலில் செயலாளர், கூடத்துக்குள் ஏதோ லாரி நுழைகிறது என்று நினைத்து ஓடி வந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் பின்னால் போனார்கள். வீடியோவில் பார்த்த வெள்ளைக்காரர்கள் மெல்லிய இசைக்குக் கண்மூடிப் பின்னகர்ந்தார்கள். நாங்கள் நாற்காலி தட்டி, கத்தி, ரிவர்ஸ் எடுத்தோம். எனக்கு அதில் பெருமையாக இருந்தது. ஆனால் டிரைவர் அங்கிள் எவ்வளவு பின்னால் போனாலும் அது அவர் எடுக்கிற ரிவர்ஸாகவே இருந்தது. டீச்சர் நகர்த்தி ஓரடிகூட அவர் நகரவில்லை.

நடந்தே ஆக வேண்டியது ஒருநாள் நடந்தது. டீச்சர் பொறுமை இழந்து, தாளத்தோடு அவரை இடது பக்கம் மெல்லத் தள்ளினார். இவர் வேண்டுமென்றே வலது பக்கம் இழுத்தார். இடது கால் நடுவில் மாட்டிக்கொண்டது. கூடத்தில் விரித்திருந்த பாயின் மேல் பக்கவாட்டில் விழுந்தார். நான் தாங்கியதால் அடி ஒன்றும் இல்லை, டீச்சரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பாட்டு மட்டும் வெட்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர் சடன் பிரேக் போட்டாங்க" என்றார் தரையில் கிடந்தபடியே. யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மாதா படத்துக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, அடுப்படியில் இருந்த மனைவிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். "இப்ப எறக்கு. எறக்குன்னா எறக்கு, தீய்ஞ்சு போச்சு பாரு." மனைவி இறக்கவில்லை. பலாக்கொட்டைக் குழம்பு மணத்துக்கொண்டு நன்றாகத்தான் கொதித்தது.

தெருவில் ஒரு பஸ் வரும் சத்தம் கேட்டது. அவர் பேச்சை நிறுத்தினார். கைத்தடியால் எட்டி ஜன்னல் கதவைச் சாத்தினார். பஸ் வந்து, நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. சத்தம் தேயும் வரை காத்திருந்து மறுபடியும் திறந்தார். அவர் மனைவி என்னை வாசல் வரை கொண்டுவிடும் சாக்கில் வெளியே வந்தார்.

"அவரு ஓட்டின ரூட்டும்மா அது. இப்ப செல்வம் ஓட்டறான். இவரு கையில வேல கத்துக்கினவன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். இனி ஓட்ட முடியாது என்று டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். கம்பெனியில் லைட் டியூட்டி கொடுக்கிறார்கள், டிப்போ டைம் ஆபீஸில் உட்கார்ந்து எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது என்று பார்க்கிற வேலை. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். சேராவிட்டால் உடல் தகுதி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். பையன் காலேஜில் இரண்டாம் வருஷம்தான்.

"சேர வேண்டியதுதானே ஆன்ட்டி?"

"டிப்போவுக்கு அந்த ஷிஃப்ட் பஸ்லதான் போவணும். அதான் மாட்டேங்கறாரு. 'நான் ஓட்டின பஸ்ல நானே ஒரு டிக்கெட்டா ஏறி உக்காரறதா?'ன்றாரு. தினம் ஆட்டோ வெச்சுக்கினு போற வசதியா எங்களுது? செல்வம் வந்து கெஞ்சினான், 'அண்ணே, வாசல்லயே நிறுத்தறேன், மெதுவா ஏறுங்கண்ணே'ன்னு. அவன அடிக்கப் போயிட்டாரு."

உள்ளே திரும்பிப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கதவுக்குப் பின்னால் பேசுகிற பேச்சுக்கு அந்த வீட்டில் இடமே கிடையாது, அவ்வளவு சின்ன வீடு.

"டாக்டரம்மா" என்றார். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை 'பாப்பா'தான். "ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. இந்தக் காலு கிளட்சுக்கு வருமா, வராதா?"

எனக்கு நிறையப் பேசத் தெரியும். அன்று நாலே வாக்கியம்தான் சொன்னேன்.

"நிக்க வரும் அங்கிள். தடி இல்லாம நடக்க வரும். பஸ்ல ஏறி எறங்க வரும். கிளட்சுக்கு வராது."

அவர் இடது பாதத்தைப் பார்த்தார். அது தரையை அழுத்தியது, விட்டது. அழுத்தியது. பிறகு, "கம்பெனியில கிளட்ச் இல்லாத பஸ் வாங்கச் சொல்லு" என்றார். மனைவி குழம்பை இறக்கிவைத்தார். அப்போது இறக்கச் சொல்லி அவர் சொல்லவில்லை.

நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புலம்பினேன், அம்மாவிடம் புலம்பினேன், கடைசியாக வகுப்பில் புலம்பினேன். என் புலம்பலுக்கு ஒரே பலன், விமலா டீச்சர் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டுத் தனியாக டிரைவர் வீட்டுக்குப் போனதுதான். அங்கே நடந்ததை டிரைவரின் மனைவி பிறகு எனக்கு நடித்தே காட்டினார். டீச்சர் உள்ளே வந்து உட்காரக்கூட இல்லையாம்.

"எத்தனை நாள் லீவு? எங்க லீவ் லெட்டர்?"

"டீச்சர், நான் வரல. என்னால நீங்களும் வுழுந்துடப் போறீங்க."

"விழுந்தது நீங்க. நான் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டேன். நீங்க வராததுல எனக்குப் புதுசா ஒரு ஜோடி போட்டுருக்கா அந்தப் பொண்ணு. மந்தாரக்குப்பம் டீக்கடைக்காரர். எங்க தள்ளினாலும் போறார், பாவம். தள்ளாட்டியும் போறார். எனக்கு ஒரு எதிர்ப்பு வேணாமா சார்? ஒழுங்கா நாளைக்கு வாங்க."

மறுநாள் வந்தார். "டீச்சரு பாவம், தனியா கஷ்டப்படறாங்களாம். அதான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நாற்காலியை முன் மூலைக்கு இழுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

அன்று டீச்சர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, "இன்னைக்கு நான் ஓட்டறேன். நீங்க டிக்கெட். படியில நிக்காம உள்ள வாங்க" என்றார். திருவிழாவில் போடுகிற மாதிரி ஒரு தவில் பாட்டு. டீச்சர் இடது பக்கம் நகர்த்தினார். அவருடைய தோள் இறுகியது. வாய் திறந்தது. மூடிக்கொண்டது. கால் போனது. வலது பக்கம். போனார். மறுபடியும் இடது. அவர் முகம் பல் பிடுங்கப்படுகிறவர் முகம் மாதிரி இருந்தது. ஆனால் போனார். பாதிப் பாட்டு வரை தாக்குப்பிடித்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"டீச்சர், கியர மாத்துங்க. எவ்ளோ நேரம் செகண்டுலயே போவீங்க?"

"டிக்கெட் பேசக் கூடாது."

அடுத்த நாட்களில் நான் பாட்டை நடுவில் நிறுத்தினேன், திடீரென்று வேகத்தை ஏற்றினேன், சொல்லாமல் திசை மாற்ற வைத்தேன். பஸ் வளைவதும் பிரேக் போடுவதும் இப்படித்தானே? கையை மெல்ல மெல்ல விடவைத்தேன், விரல் நுனி மட்டும் தொட்டுக்கொண்டு. சாய்ந்தார். திரும்பி வந்தார். ஒவ்வொரு தடவையும் டீச்சரின் ஓட்டுதலைத் திட்டினார். வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும், அவர் எந்தத் தேதிக்காகத் தயாராகிறார் என்று. அவர் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏறுவாரா, ஏறமாட்டாரா என்று டீக்கடைக்காரர் என்னிடம் ரகசியமாகக் கேட்டபடியே இருந்தார். எனக்கும் தெரியாது.

சேர வேண்டிய காலை வந்தது. அவருக்குத் தெரியாமல் கூடப் போகும்படி அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். செல்வம் அண்ணனிடம் சொல்லி, முந்தைய நிறுத்தத்திலேயே ஏறி, துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஓட்டும்போது உள் கண்ணாடியில் பஸ்ஸில் யார் கொட்டாவி விட்டாலும் பார்த்துவிடுகிற மனிதர். இன்று கண்ணாடி அவரிடம் இல்லை, பயமில்லை என்று தைரியம்.

நிறுத்தத்தில் அவர் நின்றார். வெள்ளைச் சட்டை, காக்கி இல்லை. ஒற்றைத் தடி. சாப்பாட்டுப் பையைத் தோளில் குறுக்காக மாட்டியிருந்தார். பஸ் நின்றது. மற்றவர்கள் ஏறாமல் ஒதுங்கி அவருக்கு வழி விட்டார்கள். அவர் ஏறவில்லை. படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் வாசலில் அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. செல்வம் அண்ணன் திரும்பிப் பார்க்கவே இல்லை, கண்களை நேரே ரோட்டில் வைத்திருந்தார், கோயிலில் நிற்கிற மாதிரி.

"ஏறுங்கண்ணே, ஷிஃப்ட்டுக்கு நேரமாவுது" என்றாள் பின்னால் நின்ற ஒரு நர்ஸ். மரியாதைக்குப் பயப்படாத ஒரே ஆள் அவள்தான்.

வலது காலைப் படியில் வைத்தார். கம்பியைப் பிடித்தார். இடது கால் பின்னாலேயே வந்தது.

ஏறியதும் பலர் எழுந்து இடம் கொடுத்தார்கள். "உக்காருங்கய்யா, எனக்கு எதுக்கு" என்று நடுவில் நின்றார். பஸ் கிளம்பியது. செல்வம் அண்ணன் முட்டை லோடு ஏற்றினவர் மாதிரி ஓட்டினார். பஸ் நகர்கிறதா என்று ஜன்னலில் பார்க்க வேண்டியிருந்தது.

"டேய் செல்வம்! பொணமா ஏத்தியிருக்க? ஓட்றா ஒழுங்கா!"

செல்வம் அண்ணன் ஒழுங்காக ஓட்டினார். ரவுண்டானாவில் பஸ் வலப்பக்கம் ஒடிந்தது, உள்ளே நின்ற அத்தனை பேரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள். அவரும் சாய்ந்தார். முழு உடம்பும் அந்தக் காலின் மேல் போய் இறங்கியது. நான் சீட்டை விட்டுப் பாதி எழுந்துவிட்டேன். கால் வாங்கிக்கொண்டது. பஸ் நேரானது, அவரும் நேரானார். பக்கத்தில் நின்ற ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிதான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தப்பித்தார். "கம்பியப் புடிச்சுக்கினு நில்லுப்பா" என்று அவருக்கு அறிவுரை வேறு.

"உக்காருங்கண்ணே, காத்த மறைக்கிறீங்க" என்று நர்ஸ் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து, ஜன்னல் ஓர சீட்டில் உட்கார வைத்தாள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். முதலில் முன்கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்தார். எதிரே ஆட்டோ வந்தால் தோள் இறுகியது. பிறகு முன்னால் ஒரு உயரமான ஆள் வந்து நின்று ரோட்டை மறைத்துவிட்டார். அவர் எரிச்சலோடு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

திரும்பியவர் அப்படியே இருந்தார்.

எங்கள் ஊர் ரோடுகள் நேர்கோடு. இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள், புங்கை, அந்த மாதத்தில் கொன்றை பூத்திருந்தது. குவார்ட்டர்ஸ் வாசல்களில் கோலம், சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு காம்பவுண்டுக்குள் மரத்தின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு காய்த்துத் தொங்கும் பலா. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அவர் அந்த ரூட்டில் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பார். ஆனால் டிரைவருக்கு ஏது பக்கவாட்டு? அவர் பார்த்ததெல்லாம் முன்னால் இருக்கும் தார் ரோடு, கண்ணாடியில் பின்னால் வரும் லாரி. பக்கத்து சீட்டு நர்ஸைத் தட்டி அவர் எதையோ காட்டினார். "இந்த பிளாக்குக்குப் பின்னாடி கொளம் இருக்குதா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"எப்பவும் இருக்குதுண்ணே" என்றாள் அவள்.

டிப்போ நிறுத்தம் வந்தது. பஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவர் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். செல்வம் அண்ணன் உள் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். காத்திருந்தார். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் கிளட்சை விட்டார். பஸ் போனது.

சுரங்க வாசலில் எல்லோரும் இறங்கி பஸ் காலியானதும்தான் அவருக்கு உறைத்தது.

"யோவ், டிப்போ எங்கடா?"

"போயிடுச்சிண்ணே."

"போயிடுச்சா? சொல்ல மாட்டியா?"

"நீங்க வெளிய பாத்துக்கினு இருந்தீங்கண்ணே."

"பாத்தா? பாத்தா ஒரு டிக்கெட்ட எறங்கற எடத்துல எறக்கி வுடறதில்ல? என் காலத்துல இப்டி நடக்குமா?" என்று கத்தினார். கத்திக்கொண்டே கடைசி சீட்டில் என்னைப் பார்த்துவிட்டார். துப்பட்டாவை எடுத்தேன். "இதுவும் கூட்டாளியா?" என்றார். பிறகு கம்பியைப் பிடித்து எழுந்து, எதிர்வரிசைக்குப் போகப் பார்த்தவர், பஸ் திரும்பிப் போகப் போகிறது என்பதைக் கணக்குப் பார்த்து, அதே ஜன்னல் ஓரத்தில் மறுபடியும் உட்கார்ந்தார்.

"போன பக்கம் பாத்தாச்சு" என்றார், யாரும் கேட்காமலே. "திரும்பறப்ப இதே ஜன்னல்ல அந்தப் பக்கம் வரும், இன்னா இருக்குதுன்னு தெரிய வேணாம்?"

டிப்போவில் இறங்கியபோது டைம் ஆபீஸ் வாசலில் ஒரு அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்தவர் தாமதத்தைப் பார்க்க வேண்டியவர், முதல் நாளே தாமதம்.

"என்ன டிரைவர், இவ்வளவு நேரம்?"

முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் அவர் சொன்னார்: "பஸ் லேட்டு சார்."

ஸ்டீரிங்கில் கைவைத்தபடி செல்வம் அண்ணன் எட்டிப் பார்த்து, "ஆமாங்க சார்" என்றார்.